கத்துகிறவரைப் பொறுத்துப் போவதுதான் பக்தியா?



விரதம் எப்படி இருக்கணும், எந்தக் கோயிலுக்கு எந்த நாள் போகணும்னு நமக்குள்ள நிறையப் பேசியிருக்கோம். அதுக்கு நடுவுல வேலைக்குப் போற தம்பி தங்கைகள் என்கிட்ட தனியா கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "அண்ணா, ஆபீஸ்ல ஒருத்தர் எல்லார் முன்னாடியும் கத்துறார். கேவலமா பேசுறார். நான் முருக பக்தன். பொறுத்துப் போகணுமா, திருப்பிக் கேட்கணுமா?"

இதற்கு இரண்டு பதில்கள் ரெடியாக இருக்கும். ஒன்று, "விடுப்பா, முருகன் பார்த்துப்பான், நீ வாயைத் திறக்காதே." இன்னொன்று, "ஒரு தடவை திருப்பிக் கொடு, அப்புறம் வாலாட்ட மாட்டான்." முதல் பதில் பெரியவர்களிடமிருந்து வரும், இரண்டாவது நண்பர்களிடமிருந்து. இரண்டுமே எனக்குப் பாதி பதிலாகத்தான் தெரிகிறது. நான் ஐ.டி.யில் ஆறு வருஷமாக இருக்கிறேன். கத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், கத்து வாங்கியும் இருக்கிறேன். பொறுமை எங்கே புண்ணியம், எங்கே அது வெறும் ஒதுங்கல் என்று யோசித்து எனக்குத் தெளிவானதை இங்கே எழுதுகிறேன். ஒத்து வராவிட்டால் சண்டை போடுங்கள், கத்தாமல்!

*கோபம் வேறு, கத்துவது வேறு*

முதலில் ஒன்றைப் பிரித்து வைத்துக்கொள்வோம். கோபம் வருவது நம் கையில் இல்லை. ஏதோ ஆபத்து என்று மூளை நினைத்தால் அட்ரினலின் சுரக்கும், இதயம் வேகமாகத் துடிக்கும், முகம் சூடாகும். பாதயாத்திரை போனவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். இரண்டாம் நாள் மத்தியானம், காலில் கொப்புளம், தூக்கம் இல்லை. அப்போது தண்ணீர் பாட்டிலுக்காக அண்ணன் தம்பிக்குள்ளேயே வாக்குவாதம் வரும். காவி கட்டியிருக்கிறோம், கையில் வேல் இருக்கிறது என்பதற்காக உடம்பு சும்மா இருந்துவிடாது. அதனால் கோபம் வந்தவரை "கெட்டவர்" என்று உடனே முத்திரை குத்த வேண்டாம்.

ஆனால் அந்தக் கோபத்தை எடுத்து இன்னொருவர் மேல் வீசுவது ஒரு செயல். செயலுக்கு மனுஷன் பொறுப்பு. இதை எப்படி உறுதியாகச் சொல்கிறேன் என்றால், ஆபீஸில் கத்துகிற ஆளைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். டீமில் உள்ள சின்னப் பையனிடம் கத்துவார். அதே நிமிஷம் கிளையண்டிடமிருந்து போன் வந்தால் குரல் தேனாக மாறிவிடும். கட்டுப்பாடே இல்லாத கோபம் என்றால் கிளையண்ட் மேலேயும் பாய்ந்திருக்க வேண்டுமே? பாயவில்லை. எங்கே கத்தலாம், எங்கே கூடாது என்று அந்தக் கோபத்துக்கே கணக்குத் தெரிகிறது.

வள்ளுவர் இதை எப்போதோ பிடித்துவிட்டார். வெகுளாமை அதிகாரத்தின் முதல் குறளே இதைப் பற்றியதுதான். தன் கோபம் எங்கே பலிக்குமோ அங்கே அடக்குகிறவன்தான் உண்மையில் கோபத்தை அடக்கியவன். பலிக்காத இடத்தில் அடக்கினால் என்ன, அடக்காவிட்டால் என்ன என்று கேட்கிறார். நன்றாகக் கவனியுங்கள். "கோபப்படாதே" என்ற உபதேசத்தை நாம் இன்று யாரிடம் சொல்கிறோம்? திட்டு வாங்கியவரிடம்! "நீ கோபப்படாதே, பொறுத்துக்கோ" என்று. வள்ளுவரோ அதை முதலில் சொல்வது கை ஓங்கி இருக்கிறவரிடம். அப்ரைசல் யார் கையில் இருக்கிறதோ, யார் கத்தினால் மற்றவர்கள் தலையைக் குனிவார்களோ, அவருக்குத்தான் முதல் பாடம்.

"கத்தினாத்தான் மனசுல இருக்கிறது வெளிய போகும், நல்லது" என்றும் சிலர் சொல்வார்கள். 2002-ல் பிராட் புஷ்மன் என்ற உளவியல் ஆய்வாளர் இதைச் சோதித்துப் பார்த்தார். கோபமூட்டப்பட்டவர்களில் ஒரு பகுதியினரை, கோபமூட்டிய ஆளை நினைத்துக்கொண்டே குத்துப் பையைக் குத்தச் சொன்னார். இன்னொரு பகுதியினர் எதுவும் செய்யாமல் சும்மா இருந்தார்கள். குத்தியவர்களுக்குக் கோபம் குறையவில்லை, கூடியிருந்தது. சும்மா இருந்தவர்கள் அவர்களைவிட அமைதியாக இருந்தார்கள். பிரஷர் குக்கர் மாதிரி கோபம் விசிலடித்து அடங்கும் என்று நாம் நினைப்பது தப்பு. கத்தக் கத்த அது பழக்கமாகத்தான் ஆகிறது.

*ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி*

நடந்த ஒன்றைச் சொல்கிறேன். கம்பெனி பெயர், ஆள் பெயர் எதுவும் வேண்டாம்.

வெள்ளிக்கிழமை ராத்திரி ரிலீஸ். ஆன்லைன் கால்ல 14 பேர் இருந்தோம். டெஸ்டிங்கில் 6 நிமிஷத்தில் முடிந்த டேட்டாபேஸ் ஸ்கிரிப்ட், ப்ரொடக்ஷனில் 50 நிமிஷம் ஆகியும் நகரவில்லை. வேறொரு டீமின் ராத்திரி ரிப்போர்ட் அதே டேபிளைப் பிடித்து வைத்திருந்தது என்பது அப்புறம்தான் தெரிந்தது. சைட் முழுக்க "பராமரிப்பில் உள்ளது" என்ற பக்கம்தான். எங்கள் லீடுக்கு மேலிருந்து போன் மேல் போன்.

அவர் வெடித்தார். முதலில் என்மேல். "உனக்கெல்லாம் யார்ரா வேலை குடுத்தது? ஆறு வருஷமா இதைத்தான் கிழிச்சியா?" என்றார். அப்போது, வேலைக்குச் சேர்ந்து நாலு மாசமே ஆன ஒரு பொண்ணு மெதுவாக, "சார், ரோல்பேக் பண்ணிடலாமா?" என்று கேட்டாள். சரியான கேள்வி. அதற்கு அவர், "ஒழுங்கா நாலு வரி பேசத் தெரியாது, நீ எனக்கு ஐடியா குடுக்குறியா? மியூட்ல போட்டுட்டு உக்காரு" என்றார். 14 பேரும் கேட்டோம்.

நான், "ண்ணா, ரோல்பேக் பண்றதா வேண்டாமான்னு மட்டும் இப்ப முடிவு எடுப்போம். அந்தப் பொண்ணு கேட்டது சரியான கேள்விதான். திட்டுறது இருந்தா நாளைக்கு என்கிட்ட தனியா பேசுங்க" என்றேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் ரோல்பேக்தான் பண்ணினோம். ராத்திரி இரண்டு மணிக்கு சைட் வந்தது.

என்னைப் பேசியது எனக்கு இரண்டு நாள் உறுத்தியது, அப்புறம் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை வடபழனிக்குப் போனேன், கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன், மனசு லேசானது. கதை அதோடு முடிந்திருந்தால் இந்தக் கட்டுரையே தேவையில்லை. "முருகன் பார்த்துப்பான்" என்ற பதிலே போதும்.

ஆனால் அடுத்த மூன்று வாரம் அந்தப் பொண்ணு எந்தக் காலிலும் வாயே திறக்கவில்லை. கேட்டால் மட்டும் "எஸ் சார்", "டன் சார்". ஒருநாள் டெஸ்டிங்கில், ஒரே கூப்பனை இரண்டு தடவை போட்டால் இரண்டு தடவையும் தள்ளுபடி கிடைப்பது தெரிந்தது. வேறொருவர்தான் கண்டுபிடித்தார். கேன்டீனில் அவள் என்னிடம் சொன்னாள்: "அண்ணா, நான் அதை நாலு நாள் முன்னாடியே பார்த்தேன். கால்ல சொல்லலாமான்னு நினைச்சேன். நமக்கெதுக்குன்னு விட்டுட்டேன்."

அந்த "நமக்கெதுக்கு"தான் என்னைத் தூங்கவிடவில்லை. தூத்துக்குடிப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து, கல்விக்கடன் வாங்கிப் படித்து, வீட்டிலேயே முதல் ஆளாக டிகிரி முடித்து வந்த பொண்ணு. கம்ப்யூட்டர் தெரியும், தைரியமாக வந்தவள். ஒரே ராத்திரியில் ஒருவர் அவளுக்கு "வாயை மூடிக்கொண்டால்தான் பிழைக்கலாம்" என்று சொல்லிக் கொடுத்துவிட்டார்.

இது அவளுக்கு மட்டும் நடப்பது இல்லை. 2015-ல் இஸ்ரேலில் பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு டாக்டர், நர்ஸ் கொண்ட 24 குழுக்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. பயிற்சிக்காக உருவாக்கப்பட்ட ஒரு சூழ்நிலையில் அவர்கள் நோயைக் கண்டுபிடித்து சிகிச்சை செய்ய வேண்டும். சில குழுக்களிடம் மட்டும் வெளியிலிருந்து வந்த நிபுணர் ஒருவர் கொஞ்சம் மட்டமாகப் பேசினார். அந்தக் குழுக்கள் நோயைக் கண்டறிவதிலும், சிகிச்சை செய்வதிலும் மற்றவர்களைவிடப் பின்தங்கின. காரணத்தில் பெரும்பங்கு என்ன தெரியுமா? ஒருவருக்கொருவர் தகவல் சொல்வதும் உதவி கேட்பதும் குறைந்துபோனது. பத்து வருஷம் படித்த டாக்டர்களுக்கே இப்படி என்றால் நாலு மாச ஃப்ரெஷர் என்ன செய்வாள்?

*பொறுமை யாருடைய சொத்து?*

இங்கேதான் எனக்கு விஷயம் புரிந்தது. பொறுமை ஒரு தானம் மாதிரி. என் பையில் இருப்பதை நான் எவ்வளவு வேண்டுமானாலும் தானம் செய்யலாம். பக்கத்து வீட்டுக்காரர் பையிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு, "நான் பெரிய தர்மவான்" என்று சொல்ல முடியுமா?

என்னைத் திட்டியதை நான் மன்னிக்கலாம். அது என் உரிமை. மன்னித்தால் நல்லதும்கூட. ஆனால் அவளைத் திட்டியதை மன்னிக்க நான் யார்? அதைப் பார்த்துவிட்டு "நான் அமைதியான ஆள், எனக்கு சண்டை பிடிக்காது" என்று ஒதுங்கினால், அவளுடைய கண்ணீரை எடுத்து நான் தானம் செய்கிறேன் என்று அர்த்தம். அதற்குப் பொறுமை என்று பெயர் வைக்க முடியாது.

நாம் எல்லோருக்கும் தெரிந்த சூரசம்ஹாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். முருகன் எதற்காகப் போருக்குப் போனான்? தன்னை யாரோ மரியாதைக் குறைவாகப் பேசினார்கள் என்பதற்காகவா? இல்லையே! சிறையில் கிடந்த ஜெயந்தனுக்காக, தேவர்களுக்காக. சூரனிடம் முதலில் வீரபாகுவைத் தூது அனுப்பினான். சிறையில் இருப்பவர்களை விட்டுவிடு என்று பேசிப் பார்க்கச் சொன்னான். பேச்சு எடுபடாதபோதுதான் வேல். அப்புறமும் சூரனை அழித்து ஒழித்துவிடவில்லை. மயிலாகவும் சேவலாகவும் தன்னோடு வைத்துக்கொண்டான்.

"பார், எதிரியையும் மன்னித்தான், அதனால் நீயும் மன்னி" என்று கடைசிக் காட்சியை மட்டும் எடுத்து நாம் பேசுகிறோம். வரிசையைக் கவனித்தால் அர்த்தமே மாறும். முதலில் பேச்சு, அடுத்து தடுப்பது, அதன் பிறகு அருள். தேவர்கள் இன்னும் சிறையில் இருக்கும்போதே சூரனை மயிலாக்கிக் கொண்டு வந்திருந்தால் அதை அருள் என்று யார் சொல்லியிருப்பார்கள்?

அதே சமயம், பழனிக் கதையும் இருக்கிறது. ஞானப்பழம் கிடைக்காத கோபத்தில் முருகன் என்ன செய்தான்? யாரையும் கேவலப்படுத்தவில்லை. விலகி வந்து மலைமேல் நின்றுவிட்டான். கோபத்தைப் பார்த்துக் கூசிப் போகாமல், அதை அடுத்தவர் மேல் கொட்டாமல், கொஞ்சம் தள்ளிப்போய் நிற்பது. இது ஆபீஸுக்கும் பொருந்தும். "எனக்கு இப்ப கோபமா இருக்கு, பத்து நிமிஷத்துல வர்றேன்" என்று கேமராவை அணைத்துவிட்டுப் போகிற லீட் யாரையாவது பார்த்தால், அவரை மனசார மதிப்பேன்.

*அவரிடம் போய்ப் பேசினேன்*

எச்.ஆரிடம் நேரே போகலாமா என்று யோசித்தேன். முதலில் தூது, அப்புறம்தான் மற்றது என்று முடிவு செய்தேன். ஒரு மாலை, கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, ஆபீஸுக்கு வெளியே டீக்கடைக்கு அவரைக் கூப்பிட்டேன். "நீங்க எப்பவுமே இப்படித்தான்" என்று ஆரம்பிக்கக் கூடாது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அப்படிச் சொன்னால் மனுஷன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பார்ப்பான். நடந்ததை மட்டும் சொன்னேன்.

"ண்ணா, அன்னைக்கு என்னைத் திட்டினீங்க. அதை நான் விட்டுட்டேன். ஆனா அந்தப் பொண்ணை 14 பேர் முன்னாடி அப்படிப் பேசினீங்க. அன்னையிலிருந்து அவ பேசுறதே இல்ல. கூப்பன் பக்கை நாலு நாள் முன்னாடியே பார்த்திருக்கா. பயந்துகிட்டு சொல்லல."

அவர் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "சைட் கீழ விழுந்து கிடக்கும்போது கொஞ்சிக்கிட்டா இருக்க முடியும்?" என்றார். நியாயமான கேள்வி மாதிரிதான் இருக்கிறது, அதனால் பதில் சொல்ல வேண்டியிருந்தது. "அவசரத்துல சத்தமா பேசுறது வேற ண்ணா. பஸ் வர்றப்போ குறுக்க போறவனைப் பார்த்து 'ஏய், தள்ளு!'ன்னு கத்தினா யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. அது அவனைக் காப்பாத்துற சத்தம். 'உனக்குப் பேசத் தெரியாது'ன்னு சொன்னதுல சைட் ஒரு நிமிஷம் முன்னாடி எழுந்திருச்சா?"

அவர் டீயைக் குடித்து முடிக்கும்வரை பேசவில்லை. அப்புறம், "எனக்கு முதல்ல இருந்த மேனேஜர் ஃபைலைத் தூக்கி மூஞ்சியில எறிவான். அப்படித்தான்டா வேலை கத்துக்கிட்டேன்" என்றார். அந்த நிமிஷம் அவர்மேல் எனக்கு உண்மையிலேயே பரிதாபம் வந்தது. வீட்டு லோன், ஆஸ்பத்திரியில் அப்பா என்று அவருக்கு என்னென்னவோ இருந்தது. ஆனால் காரணம் தெரிந்துவிட்டால் செய்தது சரியாகிவிடாது. அவர்மேல் இரக்கப்படத்தான் அந்தக் காரணம் உதவும். அவர் செய்ததற்கு லைசென்ஸ் கொடுக்க உதவாது. இந்த இரண்டையும் ஒரே மனசில் வைத்துக்கொள்வது கஷ்டம். பக்தி நமக்கு உதவ வேண்டிய இடம் இதுதான் என்று நினைக்கிறேன்.

*சாரி எவ்வளவு தூரம் கேட்க வேண்டும்?*

இரண்டு நாளில் அவர் அந்தப் பொண்ணை மீட்டிங் ரூமுக்குக் கூப்பிட்டு சாரி சொன்னார். நான் சந்தோஷப்பட்டேன். அவளிடம் கேட்டபோது சொன்னாள்: "சொன்னாரு அண்ணா. மனசாரத்தான் சொன்னாரு. ஆனா திட்டினதைக் கேட்டது 14 பேர். சாரியைக் கேட்டது நான் மட்டும்தானே?"

22 வயசுப் பொண்ணு சொன்ன இந்த ஒரு கேள்விக்கு என்னிடம் மறுபேச்சு இல்லை. ஊர் முன்னால் எடுத்ததைத் தனியறையில் திருப்பிக் கொடுத்தால் கடன் பாதிதான் தீரும். மீதிப் பேர் மனசில் அவள் இன்னும் "பேசத் தெரியாதவள்"தான்.

எங்கள் துறையிலேயே இதற்குப் பெரிய உதாரணம் இருக்கிறது. லினக்ஸை 1991-ல் ஆரம்பித்த லினஸ் டோர்வால்ட்ஸ், கோட் சரியில்லை என்றால் எழுதியவரை மெயிலில் கிழித்தெறிவதற்குப் பெயர் போனவர். "அவர் மேதை, அப்படித்தான் இருப்பார்" என்று எல்லோரும் பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2018 செப்டம்பரில், தான் அப்படி எழுதியது தப்பு, மற்றவர்களின் மனசு தனக்குப் புரியாமல் போனது, உதவி தேடிக்கொள்ளப் போகிறேன் என்று எழுதி மன்னிப்புக் கேட்டார். கொஞ்ச நாள் வேலையிலிருந்து விலகியும் இருந்தார். அந்த மன்னிப்பை எங்கே எழுதினார் என்பதைப் பாருங்கள். எந்த மெயிலிங் லிஸ்டில் எல்லோரும் பார்க்கத் திட்டினாரோ, அதே லிஸ்டில். அவர் இல்லாத நாட்களிலும் லினக்ஸ் வேலை நின்றுவிடவில்லை. கத்தாவிட்டால் தரம் போய்விடும் என்பவர்கள் இதை யோசிக்கலாம்.

அவள் சொன்னதை, அவளிடம் கேட்டுக்கொண்டு, எங்கள் லீடிடம் சொன்னேன். முகம் சுருங்கியது. அடுத்த வாரம் எல்லோரும் இருந்த காலில், "அன்னைக்கு ரிலீஸ்ல நான் பேசினது தப்பு. ரோல்பேக் கேட்டது சரியான கேள்வி" என்று இரண்டே வரி சொன்னார். குரல் தடுமாறியது. அவ்வளவுதான். இன்றைக்கும் சில நாள் குரல் உயரும். நடுவில் நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டு வருவார். அவள் மறுபடி பேச ஆரம்பிக்க இரண்டு மாசம் ஆனது. ஒரு நிமிஷத்தில் உடைந்தது அவ்வளவு லேசில் ஒட்டவில்லை.

*உங்களுக்கு நடந்தால்*

எல்லாருக்கும் இப்படி டீக்கடையில் முடியாது என்று எனக்குத் தெரியும். அதனால் எனக்குப் பயன்பட்ட சிலதைச் சொல்கிறேன்.

அந்த நிமிஷத்தில் ஜெயிக்கப் பார்க்காதீர்கள். எதிரில் இருப்பவர் மூளை அப்போது கேட்கிற நிலையில் இல்லை. ஒரு மூச்சு விட்டு, ஒரே ஒரு வரி சொல்லுங்கள். "இதைப் பேசலாம், ஆனா இந்தத் தொனியில வேண்டாம்." அதுவும் முடியாவிட்டால், "கொஞ்ச நேரம் கழிச்சுப் பேசுறேன்" என்று விலகிவிடுங்கள். மனசுக்குள் "முருகா" என்று ஒருமுறை சொல்ல ஆகும் நேரம் போதும். திருப்பிக் கத்தாமல் இருக்க அந்த ஒரு வினாடிதான் தேவை.

அன்றைக்கே எழுதி வையுங்கள். தேதி, நேரம், என்ன வார்த்தை, யார் இருந்தார்கள். பழிவாங்குவதற்காக இல்லை. பத்து நாள் கழித்து "நான்தான் பெரிசா எடுத்துக்கிட்டேனோ?" என்று உங்களுக்கே சந்தேகம் வரும். அப்போது இது உண்மையைச் சொல்லும். திரும்பத் திரும்ப நடந்தால் மேனேஜரிடமோ எச்.ஆரிடமோ மெயிலில் கொடுக்கவும் இதுதான் உதவும்.

சில விஷயங்களில் தூதே வேண்டாம். கை ஓங்கினாலோ மிரட்டினாலோ உடனே புகார்தான். பெண்களிடம் பாலியல் ரீதியாகப் பேசினாலோ நடந்துகொண்டாலோ 2013-ம் ஆண்டின் சட்டம் இருக்கிறது. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள் புகார்க் குழு இருக்க வேண்டும், பொதுவாக 3 மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடி மக்களைப் பலர் முன் சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினால் 1989-ம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. இதிலெல்லாம் "பொறுத்துப் போ" என்று உங்களிடம் யார் சொன்னாலும், சாமி பெயரைச் சொல்லிச் சொன்னாலும், கேட்காதீர்கள்.

ப்ரொபேஷனில் இருக்கும் தம்பி தங்கைகளே, வீட்டு வாடகையும் அம்மா மருந்துச் செலவும் உங்கள் சம்பளத்தில் ஓடுகிறது என்றால், இன்றைக்கு நீங்கள் எதிர்த்துப் பேசவில்லை என்பதற்காக உங்களைக் கோழை என்று நினைக்க வேண்டாம். பேச வேண்டிய கடமை முதலில் உங்களுக்கு இல்லை. பக்கத்தில் இருக்கும் சீனியருக்குத்தான். சீனியர்களே, நான் உட்பட நம்மைத்தான் சொல்கிறேன். எல்லோர் முன்னாலும் ஒருவரை அவமானப்படுத்தும்போது, "அவர் கேட்டது சரியான கேள்விதான்" என்று ஒரு வரி சொல்ல நமக்கு என்ன செலவு? நமக்குக் குறைந்த செலவு. அவருக்கு அது எத்தனை பெரிய துணை!

கடைசியாக ஒன்று. கோபம் தண்ணீர் மாதிரி, மேலிருந்து கீழே ஓடும். கிளையண்ட் மேனேஜரிடம், மேனேஜர் லீடிடம், லீட் நம்மிடம். நாம் வீட்டுக்குப் போய், சாப்பாட்டில் உப்பு இல்லை என்று அம்மாவிடம். இல்லையென்றால் பத்து நிமிஷம் லேட்டாக வந்த டெலிவரி பையனிடம். அந்தப் பையன் யாரிடம் போய்க் கத்துவான்? எங்கேயாவது ஒருவர் "இது என்னோடு நிற்கட்டும்" என்று சொன்னால்தான் அது நிற்கும். நம்மிடம் வந்ததைக் கீழே அனுப்பாமல் இருப்பது, அடுத்தவர்மேல் விழுவதைக் கண்டால் குறுக்கே நிற்பது. இந்த இரண்டும் சேர்ந்ததுதான் பொறுமை என்று நான் நினைக்கிறேன். இதில் ஒன்று மட்டும் இருந்தால் அது பாதிதான்.

நாளைக்கு உங்கள் டீமில் இப்படி மியூட்டிலேயே உட்கார்ந்திருக்கும் யாராவது இருந்தால், "நீ என்ன நினைக்கிற?" என்று அவரிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பதில் வரக் கொஞ்சம் நேரமாகலாம். காத்திருங்கள்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!